லீவ் லெட்டரும் ஒரு யேல் ஆய்வும்

ஜூலை 7

ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மா இன்றும் தனியாகத்தான் வந்தார். வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாள் என்றால் விடியும்போதே அவனுக்கு வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. பதற்றம்தான் வலியாக வருகிறது. "கவுன்சலிங்னு சொன்னாலே ரூம் கதவைச் சாத்திக்கிறான் மேடம்." பதின்ம வயதில் இதுதான் பெரிய முட்டுக்கட்டை. ஆளே வராமல் சிகிச்சையை எங்கே தொடங்குவது?

ஜூலை 9

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈலை லெபோவிட்ஸின் ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். அவர் முறையில் பிள்ளை வரவே வேண்டாம். பெற்றோர் வந்தால் போதும், 12 வாரம். பதற்றக் கோளாறு உள்ள 124 பேர், 7 முதல் 14 வயதுக்காரர்கள். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (பயமூட்டும் எண்ணங்களையும் ஒதுங்கும் பழக்கத்தையும் பேசிப் பயிற்சியால் மாற்றுவது), மற்றதில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. 2020இல் அச்சான முடிவு: பெற்றோர் பயிற்சி சற்றும் சளைத்ததில்லை.

பெற்றோருக்கு ஏன் பயிற்சி? பிள்ளை பதறினால் வீடே வளைந்து கொடுக்கிறது. அவனுக்குப் பதில் கடைக்காரரிடம் நாம் பேசுகிறோம், உறவுக்காரர் வீட்டு விசேஷத்தைத் தவிர்க்கிறோம், "ஒன்னும் ஆகாதுல்லம்மா?" என்று எத்தனை தடவை கேட்டாலும் பதில் சொல்கிறோம். அந்த நேரத்துக்குப் பதற்றம் அடங்கும். ஆனால் ஒதுங்கியதால்தான் தப்பித்தோம் என்று அவன் மனதில் பதிந்துவிடும். தன்னால் தாங்க முடியும் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. பெற்றவர்கள்மேல் பழி போடும் ஆய்வு இல்லை இது. பாசத்தில் செய்வதுதான் எல்லாம்.

ஜூலை 12

பிள்ளைகளின் பதற்றக் கோளாறுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வையும் பார்த்தேன். 7 முதல் 17 வயது வரை 488 பேர். நன்கு தேறியவர்கள்: நடத்தைச் சிகிச்சையில் சுமார் 60 சதவீதம், செர்ட்ரலின் மருந்தில் 55, இரண்டும் சேர்ந்தால் 81, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லா மாத்திரையில் 24. ஆனால் சராசரியாக 6 ஆண்டு கழித்து 288 பேரைப் பார்த்தபோது, பதற்றக் கோளாறு இல்லாமல் இருந்தவர்கள் பாதிக்கும் குறைவு. சிகிச்சை முடிந்த பிறகும் வீடு விழிப்பாக இருக்கத்தான் வேண்டும்.

ஜூலை 14

அப்பாவும் வந்தார். "நாலு போடு போட்டா எந்திரிச்சுப் போவான்" என்றார். லெபோவிட்ஸ் முறையில் பிள்ளையை எதற்கும் கட்டாயப்படுத்துவது கிடையாது. மாற வேண்டியது பெற்றோர் செய்வது மட்டும்தான் என்று விளக்கினேன். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தோம்: வயிற்றுவலிக்கு இனி லீவ் லெட்டர் இல்லை. இதை முந்தின நாளே, கோபமில்லாமல் அவனிடம் சொல்லிவிட வேண்டும். "உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எங்களுக்குப் புரியுது. உன்னால தாங்க முடியும்னும் நம்புறோம்." இரண்டு வாக்கியமும் சேர்ந்தே வர வேண்டும். முதலாவது மட்டும் என்றால் பரிதாபம், இரண்டாவது மட்டும் என்றால் அதட்டல்.

ஜூலை 18

அம்மா போன் செய்தார். காலையில் ஒரே அழுகை, தட்டைத் தள்ளிவிட்டானாம். அவர் லெட்டர் எழுதவில்லை. தாமதமாகத்தான் போனான், வகுப்பில் வாயும் திறக்கவில்லை. "இதுக்கு எழுதிக் கொடுத்தே இருக்கலாமோ?" என்று கேட்டார். வேண்டாம், தொடக்கத்தில் அழுகை கூடத்தான் செய்யும் என்றேன். செவ்வாய்க்கிழமை வாய்மொழித் தேர்வு. முந்தின இரவு அந்த இரண்டு வாக்கியத்தையும் இந்த முறை அப்பா சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.