பதினைந்தாவது இடம்

"இவ்வளவுதானாடா?"

சிங்கப்பூரின் சிங்கத்தலை மீன் சிலையான மெர்லயன் முன்னால் நின்று சித்தப்பா கேட்டார். 8.6 மீட்டர் உயரம், 1972இல் திறந்தது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பெரிய கோயில் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்த தஞ்சாவூர்க்காரரிடம் உயரக் கணக்கு எடுபடுமா?

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் வெளியே வந்தது. சித்தியின் கையெழுத்தில் 14 இடங்கள். கையில் இருப்பதோ மூன்று நாள். முதல் வரியைப் பேனாவால் ஒரே அடி அடித்தார்.

மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் 57ஆவது மாடி டிக்கெட்டை நான்தான் தடுத்தேன். அதற்குப் பதில் கார்டன்ஸ் பை தி பே பூங்கா. அங்கே சூப்பர்ட்ரீ என்ற ராட்சதச் செயற்கை மரங்களின் விளக்கு நிகழ்ச்சி 7.45க்கு, காசே வேண்டாம். தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்துவிட்டார் மனுஷன். முடிந்ததும் எழுந்திருக்கவில்லை. "8.45க்கு இன்னொண்ணு இருக்காமே?"

இன்று காலை தேக்கா மார்க்கெட். காய் வாங்கத்தான் போனேன், கூடவே வந்தார். முருங்கைக்காய் விலையை ரூபாயில் பெருக்கிப் பெருக்கி ஒரு மணி நேரம். அப்புறம் மீன்கடைப் பக்கம் இன்னும் ஒரு மணி நேரம்.

வீட்டுக்கு வந்ததும் தாளை விரித்தார். 15 என்று போட்டு, தேக்கா என்று எழுதி, அதையும் அடித்தார்.