வரப்புத் தகராறும் இராக் போரும்

பெருந்துறையில் அப்புச்சி வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. மஞ்சள் மண்டி வரவு, கிணறு தூர்வாரிய கூலி, எல்லாம் பென்சில் எழுத்து. ஓரிடத்தில் மட்டும் அடிக்கோடு: பங்காளியோடு வரப்புத் தகராறு, வக்கீல் செலவு. அந்த வருசம் தீபாவளித் துணிக் கணக்கே இல்லை! சண்டைக்குப் போன மனுசன் வீட்டுச் செலவைக் குறைத்திருக்கிறார்.

அமெரிக்காவும் ஒரு காலத்தில் அப்படித்தான். வியட்நாம் போர் நடந்தபோது, 1968-இல் அதிபர் ஜான்சன் வருமான வரிக்கு மேல் 10 சதவீதம் கூடுதல் வரி போட்டார். சனங்களுக்கு உறைத்தது. 2003 மார்ச்சில் இராக்குக்குள் படை போனது. மே மாதமே அதிபர் புஷ் வரியைக் குறைத்தார். அப்புறம் துட்டு? கடன்தான். அதையும் வழக்கமான பட்ஜெட்டில் வைக்காமல், அவசரச் செலவு என்று தனி மசோதாவாகவே பெரும்பாலும் நிறைவேற்றிக்கொண்டார்கள். 2001-இல் 6 லட்சம் கோடி டாலருக்குள் இருந்த கடன், 2024 கடைசியில் 36 லட்சம் கோடியைத் தாண்டியது. எல்லாமே போரால் வந்ததல்ல, சரி. 2008 பொருளாதாரச் சரிவும் கொரோனாவும் உண்டு. ஆனால் மூச்சுக்கு மூச்சு சிக்கனம் பேசுகிறவர்களும் போர்ச் செலவென்றால் சரியென்று கையைத் தூக்கிவிடுகிறார்கள்.

அப்புச்சியிடம் இதைச் சொன்னேன். "வட்டிய ஆரு கண்ணு கட்டறது?" என்றார்.

"அவுங்க பேரனுகதான் அப்புச்சி."

நோட்டை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.