மூன்று நாள் மூட்டம்

சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்காதீர்கள் என்று என் மனைவி சொல்லாத நாள் இல்லை. போன வாரம் அப்படித் துடைத்தபோதுதான் வலது பக்கத்து வில்லை கழன்று மடியில் விழுந்தது. அதைப் பிடித்திருந்த எள்ளளவு திருகாணி தரையில் எங்கோ ஓடிவிட்டது. அதைத் தேடக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட அது வேண்டும். மாற்றுக் கண்ணாடி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதன் மேல் போன வருடம் உட்கார்ந்துவிட்டேன்.

பழுது பார்க்க மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

எனக்கு இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, வில்லையின் பவர் மைனஸ் 6. ஒரு மீட்டரை ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். கண்ணாடி இல்லாத எனக்குத் தெளிவான உலகம் அவ்வளவுதான், ஒரு சாண்கூடக் கிடையாது. வருவது தெரிந்தவரா, தெரியாதவரா என்று புரியாமல் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சிரித்து வைத்தேன். நான் எதிர்பார்க்காதது காது. பேசுகிறவர்களின் உதட்டையும் பார்த்துத்தான் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அந்த மூன்று நாளும் "என்ன?", "என்ன?" என்றே கழிந்தன.

இரண்டாம் நாள் சில தந்திரங்கள் பிடிபட்டன. ஆள்காட்டி விரலை இறுக்கிச் சுருட்டி, ஊசி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அதன் வழியே பார்த்தால் சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிகிறது. துளை சிறுத்தால் கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றை மெலிகிறது, மங்கலும் குறைகிறது. கைப்பேசியின் கேமராவைத் திறந்து மூக்கருகே பிடித்தால் தூரத்துப் பெயர்ப்பலகைகூடத் திரையில் பளிச்சென்று வருகிறது. நடுத்தெருவில் அப்படி நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும், எனக்குத்தான் அவர்கள் முகம் தெரியாதே.

மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. ஆனால் அதில் இருந்தது நடுவில் தடித்த குவி வில்லை. வயதானவர்கள் எழுத்தைப் படிப்பதற்கானது. என்னைப் போன்ற கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வேண்டிய, நடுவில் மெலிந்த குழி வில்லை 15ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. காதில் மாட்டும் கம்பிக்கு 18ஆம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குமுன் பெரும்பாலும் கையில் பிடித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் மூக்கைக் கவ்வ விடுவார்கள். அவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்த அந்தக் கம்பியைத்தான் நான் யோசிக்கும்போதெல்லாம் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை கண்ணாடி வந்தது. போட்டதும் மரத்து இலைகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. மின்விசிறி இறக்கையின் ஓரத்தில் தூசி, கூரை மூலையில் ஒட்டடை. எதையும் விடாமல் பார்த்தேன். எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மகளின் இடது புருவத்துக்குள் ஒரு சின்னத் தழும்பு.

"இது எப்போது விழுந்தது?" என்று பதறினேன்.

அவள் நிமிரக்கூட இல்லை. "அது மூன்று வருடமாக இருக்கிறது, அப்பா."