காரைக்குடியில் ஒரு தச்சுப் பட்டறை

இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளியதும் சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. கூடவே தேக்கு மணம்.

இடித்த வீட்டிலிருந்து வந்த வாசல் நிலை அது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்த பர்மா தேக்கு.

"மோந்து பாருங்க தம்பி, இன்னும் எண்ணெய் இருக்கு" என்றார் பெரிய ஆசாரி. மகன் அந்தப் பக்கம் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலும் உளியுமாக இருந்தார்.

பெரியவர் நிலையின் ஒரு மூலையைக் காட்டினார். இரும்பு ஆணியே இல்லை. ஒரு சட்டத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் இறங்கியிருக்கிறது, குறுக்கே ஒரு மர முளை. அவ்வளவுதான். மயிரிழை இடைவெளி கூடக் கண்ணில் படவில்லை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகளைப் பற்றிப் பேசுகிறோம், சரி. அந்தக் கதவைப் பழுது பார்க்கத் தெரிந்த குடும்பங்களுக்கு வேலை வேண்டாமா?

புது வீடு கட்டுகிறவர்கள் தலைவாசல் நிலையையாவது இப்படி ஒரு பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள்.