பயாப்ஸி ரிப்போர்ட்ல ஒரு வரி: குடல் கேன்சர் மாநாட்டு நாட்குறிப்பு

12 செப்டம்பர் 2025, வெள்ளி

மாநாடு இன்னிக்கு காலைல ஆரம்பிச்சுது, மூணு நாளும் இரைப்பை, குடல், கல்லீரல், கணையம் கேன்சர் மட்டும்தான். முதல் செஷனே மலக்குடல் கேன்சர். நான் ரொம்ப எதிர்பார்த்து வந்ததும் அதுக்குத்தான்.

கட்டி ஆசனவாய்க்கு பக்கத்துல இருந்துச்சுன்னா நாங்க பேஷண்ட் கிட்ட சொல்ற மூணு விஷயம் எப்பவும் ஒண்ணுதான், கீமோ, ரேடியேஷன், ஆபரேஷன். ஆபரேஷன்னா பல பேருக்கு ஆசனவாயையே எடுத்துட்டு வயித்துல நிரந்தரமா பை வைக்கணும். பை இல்லாம குடலைச் சேர்த்து தைச்சாலும் பாதி பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் ஓடறோம்னு கணக்கே இருக்காது, வெளிய கிளம்பவே பயப்படுவாங்க. சின்ன வயசு பொண்ணுங்கன்னா ரேடியேஷனால குழந்தை பெத்துக்கற வாய்ப்பே போயிடலாம். இதையெல்லாம் ஓபில உக்காந்து வாரா வாரம் சொல்றவங்களுக்குத்தான் இன்னிக்கு திரையில காட்டின அந்த ரெண்டு படத்தோட மதிப்பு தெரியும்.

முதல் படத்துல குடலோட பாதி சுத்தளவை அடைச்சுக்கிட்டு ஒரு கட்டி, ஓரமெல்லாம் தடிச்சு நடுவுல புண்ணா, தொட்டா ரத்தம் கசியும்னு பாத்தாலே தெரியுது. ரெண்டாவது படம் அதே பேஷண்ட், அதே இடம், ஆறு மாசம் டோஸ்டார்லிமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்து (நம்ம எதிர்ப்பு சக்தியையே கட்டி மேல ஏவி விடறது) போட்டதுக்கு அப்புறம் எடுத்தது. வழவழன்னு வெள்ளையா ஒரு தழும்பு, அது மேல மெல்லிசா ரெண்டு மூணு ரத்தக்குழாய், வேற ஒண்ணுமே இல்ல. கீமோ இல்ல, ரேடியேஷன் இல்ல, கத்தியும் வைக்கல.

2022ல நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல ஆண்ட்ரியா செர்செக் டீம் இதை முதல்ல வெளியிட்டப்போ 12 பேர்தான், 12 பேருக்கும் கட்டி காணாம போச்சு. அப்போ நாங்க எல்லாருமே 12 பேரை வச்சு என்ன சொல்றதுன்னுதான் பேசிக்கிட்டோம். இந்த வருஷம் வந்த ரிப்போர்ட்ல சிகிச்சைய முடிச்ச மலக்குடல் பேஷண்ட் 49 பேர், 49 பேருக்கும் அதே ரிசல்ட். பெருங்குடல், இரைப்பைன்னு வேற இடத்துல கட்டி இருந்த 54 பேர்ல 35 பேருக்கு கட்டி முழுசா மறைஞ்சிருக்கு, அதுல 33 பேர் ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க.

ஆனா இது எல்லாருக்கும் கிடையாது, இதை யார் பேசினாலும் முதல்ல சொல்லிடணும். எம்எம்ஆர்ங்கிற டிஎன்ஏ ரிப்பேர் வேலை செய்யாத கட்டிக்கு மட்டும்தான், மலக்குடல் கேன்சர்ல அது 100 பேர்ல 5லேர்ந்து 10 பேர். ப்ரூஃப் பாக்க ஆளே இல்லாம அச்சடிச்ச புத்தகம் மாதிரி அந்த செல்கள்ல பக்கத்துக்குப் பக்கம் பிழை, அந்தப் பிழையால விநோதமான புரதங்கள் உண்டாகுது, நம்ம எதிர்ப்பு செல்களுக்கு அது வெளி ஆளுன்னு சுலபமா தெரிஞ்சிடும். அந்த எதிர்ப்பு செல்கள் மேல இருக்கற பிடி-1ங்கிற பிரேக் வழியா கட்டி அதுகளை அடக்கி வச்சிருக்கு, மருந்து அதை விடுவிச்சு விடுது. மத்த 90 பேருக்கு இதே மருந்தை மட்டும் போட்டா பலன் இல்ல, நாளும் வீணாப் போகும்.

13 செப்டம்பர், சனி

மாநாட்டுல பேத்தாலஜி, அதாவது திசுவை மைக்ரோஸ்கோப்ல பாக்கறவங்களோட செஷனுக்கு எப்பவும் கூட்டம் கம்மி. இன்னிக்கும் பாதி சீட் காலி, எனக்கு அது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா நேத்து கை தட்டின ரிசல்ட் மொத்தமும் இந்த ரூம்ல பேசற டெஸ்ட்ல இருந்துதான் தொடங்குது.

எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2, டிஎன்ஏ ரிப்பேர் பண்ற இந்த நாலு புரதமும் கட்டில இருக்கான்னு ஸ்டெயின், அதாவது சாயம் போட்டுப் பாக்கணும், அவ்ளோதான் எம்எம்ஆர் டெஸ்ட். பேசின மேடம் ஒரு ஸ்லைடை பெருசாக்கி காட்டினாங்க. கட்டியோட செல்லுக்குள்ள நியூக்ளியஸ் எல்லாம் வெளிறின நீலம், அதுக்கு நடுவுல அங்கங்க இருக்கற லிம்ஃபோசைட்ங்கிற சாதாரண வெள்ளை அணு மட்டும் நல்ல பழுப்பு. அந்தப் பழுப்பைத்தான் முதல்ல தேடணும்னாங்க. அது இருந்தா ஸ்டெயின் ஒழுங்கா ஏறியிருக்கு, அப்போ கட்டில பழுப்பு இல்லைன்னா புரதம் நிஜமாவே இல்ல. ரெண்டுலயும் பழுப்பு இல்லைன்னா ரிப்போர்ட் எழுதாதீங்க, திரும்ப போடுங்கன்னு அழுத்தி சொன்னாங்க.

இன்னொண்ணு சொன்னாங்க, அதை நான் ரெண்டு தடவை அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன். ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு எடுக்கற சாம்பிள்ல எம்எஸ்ஹெச்6 ஸ்டெயின் தானாவே மங்கிப்போக வாய்ப்பு உண்டு, அதனால முதல் பயாப்ஸியிலயே டெஸ்ட் பண்ணிடணும். இங்கதான் எனக்கு கோவம் வருது. போன வருஷம் வேற ஒரு இடத்துல ரேடியேஷன் பாதி முடிச்சுட்டு எங்ககிட்ட வந்த பேஷண்டோட ஃபைல்ல ஸ்கேன் இருக்கு, பிளட் டெஸ்ட் எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை இருக்கு, எம்எம்ஆர் மட்டும் இல்ல. யாரும் கேக்கல, அதனால யாரும் பண்ணல. முதல் பயாப்ஸியில மெழுகுல பதிச்சு வச்சிருந்த திசு பிளாக்கை வரவழைச்சு ஸ்டெயின் போட்டுப் பாத்தோம், நாலு புரதமும் இருந்துச்சு, அதனால அவருக்கு ஒண்ணும் கை நழுவிப் போகல. இல்லாம இருந்திருந்தா அவர் வீட்டுக்காரங்க முகத்தைப் பாத்து என்னத்த சொல்லியிருப்போம்?

மத்தியானம் இரைப்பை. ஃப்ளாட்னு நாங்க சொல்ற நாலு மருந்து கீமோ கூட டர்வாலுமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்தை சேத்த மேட்டர்ஹார்ன் ட்ரையல், ரெண்டு வருஷத்துல நோய் திரும்பாமலோ முத்தாமலோ இருந்தவங்க 67.4 சதவீதம், கீமோ மட்டும்னா 58.5. நல்ல முன்னேற்றம்தான். உணவுக்குழாய்ல வர்ற அடினோகார்சினோமாங்கிற வகை கேன்சர்ல ரேடியேஷன் கலந்த பழைய முறைய விட ஃப்ளாட்டே மேல்னு எசோபெக் ட்ரையல் காட்டிடுச்சு, பாதி பேர் உயிரோட இருந்த காலம் (மீடியன்) 37 மாசம், ஃப்ளாட்ல 66 மாசம். கணையத்துக்கு கடைசியா அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தாங்க. அந்தக் கட்டிகள்ல 10க்கு 9ல கேராஸ்ங்கிற ஜீன்ல மாற்றம் இருக்கு, அதைக் குறி வைக்கற மருந்துகள் வந்துக்கிட்டிருக்கு, ஆனா இன்னிக்கு ஓபில வந்து உக்கார்ற பேஷண்டுக்கு குடுக்க நம்ம கைல இன்னும் பெரும்பாலும் கீமோதான்.

14 செப்டம்பர், ஞாயிறு

இன்னிக்கு நான் எதிர்பாக்காத அளவுக்கு ஹால் நிறைஞ்ச செஷன் உடற்பயிற்சி பத்தினது. சேலஞ்ச் ட்ரையல், 889 பேர், பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷனும் கீமோவும் முடிஞ்சவங்க. ஒரு குரூப்புக்கு உடம்பை நல்லா வச்சுக்கோங்கன்னு புக்லெட் மட்டும் குடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு ஒரு பயிற்சியாளரை வச்சு மூணு வருஷம் விடாம ஃபாலோ பண்ணாங்க. 5 வருஷத்துல நோய் இல்லாம இருந்தவங்க பயிற்சி குரூப்ல 80.3 சதவீதம், புக்லெட் குரூப்ல 73.9, 8 வருஷத்துல உயிரோட இருந்தவங்க அதே வரிசையில 90.3, 83.2. இந்த அளவு பலனை ஒரு புது மருந்து குடுத்திருந்தா அது உடனே கைட்லைன்ல ஏறியிருக்கும்.

செய்ய வேண்டியதும் பெருசா ஒண்ணுமில்ல, வேகமா நடக்கறதுன்னா வாரத்துக்கு மூணு நாலு நாள், தடவைக்கு முக்கால் மணியில இருந்து ஒரு மணி நேரம். தசை வலி, மூட்டு வலின்னு தொந்தரவு வந்தவங்க இந்த குரூப்ல கொஞ்சம் ஜாஸ்தி, அதையும் மறைக்காம சொன்னாங்க. எனக்கு இதுல பெருசா தோணறது அந்தப் பயிற்சியாளர்தான். நடங்கன்னு நாங்களும்தான் எல்லார்கிட்டயும் சொல்றோம், ஆனா நடந்தாங்களான்னு அடுத்த வாரம் போன் பண்ணி கேக்க எங்ககிட்ட யாரு இருக்கா?

அப்புறம் கட்டியில இருந்து கழண்டு ரத்தத்துல மிதக்கற டிஎன்ஏ. ஆபரேஷனுக்கு அப்புறமும் அது ரத்தத்துல தெரிஞ்சா நோய் மிச்சம் இருக்கலாம்னு அர்த்தம். டைனமிக் ட்ரையல்ல ரெண்டாம் ஸ்டேஜ் பெருங்குடல் கேன்சர் 455 பேர், ரத்த டெஸ்டை வச்சு முடிவெடுத்த குரூப்ல கீமோ வாங்கினவங்க 15 சதவீதம், வழக்கமா டாக்டர் முடிவெடுத்த குரூப்ல 28. ரெண்டு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 93.5ம் 92.4ம். ஆக்ஸாலிபிளாட்டின்ங்கிற கீமோ மருந்து போட்டு விரல் மரத்துப் போய் சட்டை பட்டன் போட முடியாம, ஃபிரிட்ஜ்ல கை வச்சாலே ஷாக் அடிக்குது டாக்டர்னு சொல்ற பேஷண்டைப் பாத்தவங்களுக்கு, தேவையில்லாத கீமோவைத் தவிர்க்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும்.

சாயங்காலம் ஒரு சீனியர் சர்ஜன் சார் எழுந்து கேட்டார், கட்டி மறைஞ்சுடுச்சுன்னு விட்டுட்டா அப்புறம் யாரு பாக்கறதுன்னு. நியாயமான கேள்வி. சில மாசத்துக்கு ஒருதடவை விரல் வச்சுப் பாக்கணும், ஸ்கோப் பண்ணணும், எம்ஆர்ஐ எடுக்கணும், ஒரு விசிட்டும் விடக்கூடாது. மருந்துக்கும் பக்க விளைவு உண்டு, தைராய்டு கெடலாம், குடல்லயோ நுரையீரல்லயோ அழற்சி வரலாம். வர முடியாத தூரத்துல இருக்கற பேஷண்டுக்கு இதை எப்படி நடத்தறதுன்னு அவர் கேட்டதுக்கு மேடைல யாருகிட்டயும் முழு பதில் இல்ல. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு பதில் டாக்டர் கிட்ட இல்ல, தேதிய ஞாபகம் வச்சு கூப்பிடற ஒரு நர்ஸ் கிட்டதான் இருக்கு.

16 செப்டம்பர், செவ்வாய்

நேத்து முழுக்க ஓபி, எழுத நேரமே கிடைக்கல. இன்னிக்கு ட்யூமர் போர்டுல, அதாவது எல்லா துறை டாக்டர்களும் சேர்ந்து கேஸ் பேசற கூட்டத்துல, பேசிட்டேன். பெருங்குடல், மலக்குடல் பயாப்ஸி எது வந்தாலும் கேன்சர்னு உறுதியான உடனே, நாங்க கேட்டாலும் கேக்காட்டியும் நாலு ஸ்டெயினும் போடணும், ரிப்போர்ட்ல எம்எம்ஆர் வரி இல்லாம ரேடியேஷனுக்கு தேதி குடுக்கக்கூடாது. பேத்தாலஜி மேடம் உடனே சரின்னுட்டாங்க, அவங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்ததுதானாம். சர்ஜரி பக்கம் ஒரு வாரம் லேட் ஆகுமேன்னு கொஞ்சம் முணுமுணுப்பு, அவசரமா அடைப்பு இருக்கறவங்களுக்கு வேற வழி வச்சுக்கலாம்னு பேசி முடிச்சோம்.

ஏதாவது ஒரு புரதம் இல்லைன்னு வந்தா அடுத்து என்னன்னும் எழுதி ஒட்டியாச்சு. எம்எல்ஹெச்1 போயிருந்தா, அது பரம்பரையா வராம கட்டியிலயே உண்டானதான்னு தெரிய முதல்ல பிராஃப் ஜீன் மாற்றமும், எம்எல்ஹெச்1 ஜீனை அணைச்சு வைக்கற மெத்திலேஷனும் இருக்கான்னு பாக்கணும், எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 போயிருந்தா நேரா லிஞ்ச் சிண்ட்ரோமுக்கு (குடும்பத்துல பரம்பரையா கேன்சர் வர வைக்கற கோளாறு) மரபணு டெஸ்ட், அது பாசிட்டிவ்னா அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பேசணும். பிசியோதெரபில இருந்து ஒருத்தங்க கீமோ முடிச்சவங்களுக்கு வாரா வாரம் போன் பண்றேன்னு தானா முன்வந்திருக்காங்க, முதல்ல 10 பேரோட ஆரம்பிக்கறோம், லிஸ்டை நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நான் குடுக்கணும்.