வெளியேறும் நாளை முதலில் திட்டமிடுவோம்

காப்பகத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வருபவர்களுக்கும், குடும்பத்தோடு இருக்க முடியாமல் போன இளையோருக்கும் இடைக்காலத் தங்குமிடம் அமைப்பது பற்றிப் பேசத் தொடங்கினால், கட்டடம் எங்கே, எத்தனை படுக்கைகள் என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. அவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது, தங்கும் காலம் முடியும் நாளில் அந்தப் பிள்ளை தன் பையை எடுத்துக்கொண்டு எந்த முகவரிக்குப் போகும் என்பதுதான். அதற்கு விடையில்லாத திட்டம், வீடின்மையைச் சில மாதங்கள் தள்ளிப்போடுகிறதே தவிர, தீர்ப்பதில்லை.

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நிதியில், வீடற்ற இளையோருக்கென ஒரு திட்டம் நடக்கிறது. 16 முதல் 21 வயது வரையிலானவர்கள் அதில் சேரலாம்; பொதுவாக 540 நாட்கள் வரையிலும், தனிச் சூழ்நிலைகளில் 635 நாட்கள் வரையிலும் தங்கலாம். கேட்பதற்கு நீண்ட காலம்தான். ஆனால் அடையாள ஆவணங்களைத் திரட்டி, வங்கிக் கணக்கு தொடங்கி, படிப்பையோ பயிற்சியையோ முடித்து, ஒரு வேலையில் நிலைத்து, அதன்பின் முன்பணம் சேர்ப்பதற்குள் அந்த நாட்கள் கரைந்துவிடும். அப்போதும் வீட்டு உரிமையாளர் சம்பளச் சீட்டு கேட்பார். பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்பார். இதற்கு முன் எங்கே குடியிருந்தாய் என்று விசாரிப்பார். பெற்றோர் உள்ள பிள்ளைகளுக்கு இவை சாதாரணமாகக் கிடைத்துவிடுகின்றன. இவர்களுக்கு அந்தக் கையெழுத்தைப் போட ஆளில்லை.

சமூகக் கூட்டாண்மை தேவைப்படுவது இந்த இடத்தில்தான். "எங்கள் ஆதரவு உண்டு" என்று எழுதப்பட்ட கடிதங்கள் எத்தனை வந்தாலும், அவற்றை வைத்து ஒருவரைக்கூடக் குடியமர்த்த முடியாது. ஆண்டுக்கு இத்தனை வீடுகளை வெளியேறும் இளையோருக்கென ஒதுக்குவோம் என்று வீட்டு வசதி அமைப்பு உறுதி தர வேண்டும். வாடகை நிலுவையானால் குறிப்பிட்ட தொகை வரை நாங்கள் பொறுப்பு என்று ஓர் அறக்கட்டளை கையெழுத்திட வேண்டும். நள்ளிரவில் ஒரு பெண் பதற்றத்தில் அழைத்தால் எடுப்பவர் யார் என்பது புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பொறுப்பாளரின் பெயரைப் போட முடியாத உறுதிமொழியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தங்குமிடத்தையும் தொழிற்பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் இணைப்பது புதிய சிந்தனை அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் பெருகிய இளம் தொழிலாளர் விடுதிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1990களில் பிரிட்டனிலும் 'ஃபாயர்' எனப்படும் தங்குமிடங்கள் உருவாயின. அந்த இணைப்பின் பயனை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பயிற்சிக்கு வராதவருக்கு இடமில்லை என்று அதையே நிபந்தனையாக்கும்போது, மிகவும் உடைந்துபோன பிள்ளைதான் முதலில் வெளியே தள்ளப்படுகிறது. 2008 முதல் பின்லாந்து தேசிய அளவில் கடைப்பிடித்துவரும் 'முதலில் வீடு' அணுகுமுறை, நிலையான வீட்டைத் தந்த பிறகு மற்ற உதவிகளைச் சேர்க்கிறது. இடைக்காலத் தங்குமிடம் அதிலிருந்து வேறுபட்டதே என்றாலும், உதவி வாசலில் காத்திருக்க வேண்டும், வாசலை மூடக் கூடாது என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

விதிமுறைகளை வகுக்கும்போது இளையோரே மேசையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இரவு 10 மணிக்குக் கதவைப் பூட்டுவது பாதுகாப்பு என்று பெரியவர்கள் நினைப்போம். உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு 11 மணிக்குத் திரும்பும் பையன் வேலையை விடுவதா, இடத்தை விடுவதா என்று தவிப்பது அவன் சொன்னால்தான் தெரியும். அமெரிக்க வீட்டு வசதித் துறையின் இளையோர் வீடின்மை முன்னோடித் திட்டத்தில் நிதி பெறும் ஊர்கள், வீடின்மையை அனுபவித்த இளையோரைக் கொண்ட குழுவோடு சேர்ந்தே திட்டத்தை வகுக்க வேண்டும். அத்தகைய குழுவின் உறுப்பினர்களுக்கு அவர்கள் செலவிடும் நேரத்துக்கான ஊதியத்தையும் தருவதே முறை.

அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்புக்கு, கட்டடம் திறப்பதற்கு முன்பே நேரில் சென்று பேசுவதும், புகார் வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணைத் தருவதும் பெரும்பாலும் போதுமானவை.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தங்குபவரிடம் வாங்கும் சிறு வாடகையின் ஒரு பகுதியைத் தனியே சேமித்து, வெளியேறும்போது அவரிடமே திருப்பித் தரும் ஏற்பாடு சில இடங்களில் உள்ளது. புது வீட்டின் முன்பணத்துக்கு அது உதவுவதோடு, மாதாமாதம் வாடகை செலுத்தியதற்கான சான்றும் கையில் இருக்கும். அதோடு, வெளியேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதங்களுக்கு அதே சமூகப் பணியாளர் தொடர்பில் இருப்பதற்கான சம்பளத்தை முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நிதி குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது அந்தச் செலவாகத்தான் இருக்கும்.