முதல் சொல் எப்போது வரும்?

மே கடைசி வாரம். பழைய காலண்டர் தாள்கள் நான்கைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டி, ஒன்றாம் வகுப்பின் ஓராண்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை என்ன நடத்துவது என்பதைப் பாடக்குறிப்பில் எழுதிவிடலாம். எதற்குப் பிறகு எது என்பதற்குத்தான் இந்தத் தாள்.

பணியில் சேர்ந்த ஆண்டு அ முதல் ஔ வரை முடித்துவிட்டுத்தான் க, ங, ச என்று போனேன். பாடக்குறிப்பு ஒரு நாளும் தவறவில்லை. ஆகஸ்டில் ஒரு சிறுமி, எப்போது டீச்சர் படிக்கப் போகிறோம் என்று கேட்டாள். பன்னிரண்டு உயிரெழுத்தும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஆ, ஈ தவிர அவற்றைக் கொண்டு படிக்க அவளிடம் ஒரு சொல் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பதில் என் வீட்டிலேயே இருந்தது. அம்மா, பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். நடவு முடித்து வந்து இரவில் உட்கார்ந்து அவர் முதலில் படித்த சொற்கள் ‘பட்டா’, ‘படி’. அகர வரிசைக்காக அவர் காத்திருக்கவில்லை.

அதனால் என் தாளில் ஜூன் மாதம் ட, ப, ம. கீழே ஒரு கோடு இறக்கி வலப்பக்கம் இழுத்தால் ட. அதை மேலே ஏற்றினால் ப. ஏறிய கோட்டை உள்ளே வளைத்தால் ம. புள்ளியையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் படம், மடம், மட்டம், பட்டம் என்று நான்கு சொற்கள் கைக்கு வந்துவிடும். அடுத்து க, பக்கம், கட்டம். ஜூலை முதல் வாரம் துணைக்கால். மாமா, பாப்பா, காகம். ர எழுத்தைத் துணைக்காலிலிருந்து பத்து வாரமாவது தள்ளி வைத்திருக்கிறேன். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழந்தைகள் குழம்பிவிடுகிறார்கள்.

கணக்கிலும் இதே கவலைதான். இரண்டாம் வகுப்பில் 42இலிருந்து 17ஐக் கழிக்கத் திணறும் பிள்ளை, பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில் பத்து ஈர்க்குச்சிகளை எண்ணி நூல் சுற்றிக் கட்டாக்கிப் பழகாத பிள்ளை. ஜூலையில் கட்டுவோம். ஜனவரியில் அதே கட்டை அவிழ்த்து எண்ணுவோம். சூழ்நிலையியலில் விதை முளைக்கும் பாடம் அக்டோபரில், மழையோடு.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஆசிரியர் கையேடு துணைக்கு இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பார்க்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் பெற்றோருடன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டு இருபது நாள் கழித்துத் திரும்பும் குழந்தை எந்தக் கையேட்டிலும் இல்லை. அவர்களுக்காக மாதத்துக்கு ஒரு வாரம் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை நிரப்ப யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

நேற்று அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜூன் மாதத்தை விரல் வைத்துப் படித்தார். “பட்டா எங்கே?” என்றார்.

ஜூலை முதல் வாரத்தில், காகத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்.